சுழலலும் வலம்வரலும்

திருச்சிற்றம்பலம்



திருக்கோயிலுட் சென்று வழிபடுவார் செய்யும் வலம் மூவகையாகக் காணப்படுகின்றது. திருச்சுற்றில் அடிமேலடி வைத்து நடந்து வருதல் ஒன்று. சந்நிதியில் நின்ற நிலையிலேயே தம்மைத்தாம் சுற்றிக்கொள்ளுதல் ஒன்று. இதனை ஆன்மப் பிரதட்சிணம் என்ப. ஈரவுடையோடு நிலத்திற் கிடந்து புரண்டு திருச்சுற்றைக் கடத்தல் ஒன்று. இஃது அங்கப் பிரதட்சிணம் எனப்படும். முதலாவதிற் சுற்றிவரல் உண்டு. இரண்டாவதிற் சுழலல் உண்டு. மூன்றாவதில் இரண்டும் உண்டு. அங்கப் பிரதட்சிணஞ் செய்வான் புரளுந்தோறும் அவன் முகம் ஒருகால் வானை நோக்கும். ஒருகால் மண்ணை நோக்கும். அங்ஙனம் புரண்டுகொண்டே அவன் மூலத்தானத்தைச் சூழ்ந்து வருகின்றான். நாம் வாழும் பூமியின் இயக்கமும் இம்மூன்றாவது வகையினதே. அது தன்னைத்தான் சுழல்கின்றது. சுழன்றுகொண்டே சூரியனைச் சுற்றி வருகின்றது. இவ்விரண்டும் வேறு வேறு இயக்கங்கள் என்பதும், அவ்வேற்றுமை அறியாது மயங்கினாற் சித்தாந்தத்திலும் மயக்கம் நேரும் என்பதும் ஈண்டுக் கூறப்படும்.

இதனை யான் கூறப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருக்கோயில் மண்டபத்தில் ஐந்தொழில் பற்றிப் பேசிக்கொண்டிருந்த யான், "சூரியன் பூமியைப் பம்பரம்போலச் சுழற்ற, இரவும் பகலும் உண்டாகின்றன, அதுபோல இறைவன் உயிர்களைச் சுழற்ற, இன்பமும் துன்பமும் உண்டாகின்றன" என்று ஓர் உவமை சொன்னேன். அவையோர் தலையசைத்தனர். கூட்டத்தின் கடையில் இருந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, பூமியைச் சூரியன் சுழற்றவில்லையே! சுற்றிவரச் செய்வதுதானே சூரியன்?" என்றான். அவனை இருக்கச் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்தேன். ஆயினும் அவன் வினா என்னை விட்டதில்லை. பின்னர் வானநூல் வல்லார் ஒருவரை அடுத்துக் கேட்டும், தமிழில் வந்த நூல்கள் சிலவற்றைப் பயின்றும் தெளிந்தபோது, யான் சொன்னது உவமைப் பிழை மட்டுமன்று, சித்தாந்தப் பிழையும் ஆம் எனக் கண்டேன். இறைவனே உயிர்களை இருளிற் சுழற்றுகின்றான் எனின், அவ்வுயிர்களின் குற்றத்துக்கும் அவனே காரணன் ஆவான். அருளே திருமேனியாக உடையானுக்கு அஃது ஏலாது. அப்பிழைக்குக் கழுவாயாகவே இதனை எழுதுகின்றேன்.

இனி, சுழலல் யாது, சுற்றிவரல் யாது என ஆராய்வாம். பூமி தன் அச்சின்மேல் மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கின்றது. விண்மீன்களை எல்லையாக வைத்து அளப்பின், ஒரு சுழற்சிக்கு ஆவது 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. சூரியனிலிருந்து ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தொலைவில், விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் விரைவில், 365¼ நாளில் அதனை ஒருமுறை சூழ்ந்து வருதல் இரண்டாவது இயக்கம்.

இவ்விரண்டற்கும் உள்ள சிறந்த வேற்றுமை காலவளவன்று, காரணமே. ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன், வாயுவும் துகளுமாகிய ஒரு பெருமுகிலினின்று சூரியனும் கோள்களும் திரண்டன. அம்முகிலில் முன்னமே இருந்த சுழற்சியும், திரளுங்கால் வந்து மோதிய பொருள்களின் தாக்கும் அவ்வக்கோளிற் சுழற்சியாய் எஞ்சின. ஒருகாற் சுழலத் தொடங்கிய பொருள், தடுப்பார் இன்றேல், தானே சுழன்றுகொண்டிருக்கும். அதற்கு ஒருவர் புறத்தே நின்று இடைவிடாது தூண்டவேண்டுவதில்லை. சுற்றிவரலோ அத்தன்மைத்தன்று. நேரே ஓடிப்போதற்குரிய வேகமுடைய பூமியை ஒவ்வொரு கணமும் தன்பால் வளைத்துக்கொள்வது சூரியனது ஈர்ப்பாகும். இதனை நியூட்டன் என்னும் பேரறிஞர் 1687 ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். அவ்வீர்ப்பு ஒழியுமாயின், பூமி தான் சென்ற திசையிலே நேராக ஓடி வெறுவெளியிற் போய்விடும். அப்பொழுதும் அதன் சுழற்சி நில்லாது. சுழன்றுகொண்டே இருளுட் போகும். எனவே, சுழலல் பூமியினது. சுற்றிவரச் செய்தல் சூரியனது. அச்சிறுவன் சொன்னது இதுவே.

இனி இரவு பகல்களை நோக்குக. பூமியின் ஒரு பாதி சூரியனுக்கு முகங்கொடுத்து நிற்கும். மற்றைப் பாதி புறங்கொடுத்து நிற்கும். முகங்கொடுத்த பாதிக்குப் பகல், புறங்கொடுத்த பாதிக்கு இரவு. இரவென்பது பூமி தன்மேல் தானே வீழ்த்திக்கொண்ட நிழலன்றிப் பிறிதில்லை. சூரியனிடத்தில் இரவு இல்லை. அது இருளைத் தருவதுமில்லை. பகல் உண்டாதற்குச் சூரியவொளி இன்றியமையாதது. இரவு உண்டாதற்குப் பூமியின் புறங்கொடையே அமையும்.

அற்றேல், இறைவனையன்றி ஓரணுவும் அசையாது என்பது நம்மனோர் துணிபன்றோ? உயிர் தானே சுழல்வதென்றல் அத்துணிபோடு மாறுகொள்ளாதோ எனின், கொள்ளாது. உயிரின் அறிவும் இச்சையும் செயலும் இறைவன் சத்தியால் விளக்கமுறுவனவேயாம். அவ்விளக்கம் எல்லா உயிர்க்கும் பொது. அதனைப் பெற்ற உயிர் எப்பக்கந் திரும்புகின்றது என்பது அவ்வுயிரைப் பற்றிய ஆணவத்தானும் கன்மத்தானும் ஆவது, அது சிறப்பு. ஒரு சூரியன் முன்னிலையில் ஒரு தாமரை அலர்தலும், ஒன்று முகையாய் நிற்றலும், ஒன்று வாடுதலும் நம் ஆசிரியன்மார் காட்டிய உவமையன்றோ? அவ்வுவமையும் இதுவும் ஒரு நெறியினவே. ஆயினும் உவமை யாண்டும் ஒருபுடை ஒப்புமையே என்பதை மறவற்க. பூமியின் சுழற்சிக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஆணவத்துக்கு அஃதில்லை. சூரியனும் தன்னைத்தான் சுழல்வது. பால்வழி மண்டலத்தின் நடுவை நோக்கத் தானும் ஒரு சுற்றிவரலை உடையது. சடமாதலின் பாசத்துள் அடங்குவது. அசைவின்றி நின்று எல்லாவற்றையும் அசைவிக்கும் பதிக்கு அதனைச் சமமாக வைத்தல் நம் கருத்தன்று.

இனிக் கோள்களை ஒருங்கு வைத்து நோக்கின் பிறிதோர் உண்மை புலனாம். சுற்றிவரலுக்கு ஒரே நீதி உண்டு. சூரியனுக்கு அணித்தாய கோள் விரைந்தும், சேய்த்தாய கோள் மெல்லவும் சுற்றும். அவ்வளவை கெப்ளர் என்பார் 1619 இற் கண்டு கூறினார். புதனுக்கு 88 நாள், வெள்ளிக்கு 225 நாள், செவ்வாய்க்கு 687 நாள், வியாழனுக்கு ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு 29½ ஆண்டு, நெப்டியூனுக்கு ஏறத்தாழ 165 ஆண்டு. தொலைவு தெரியின் காலந் தெரியும். எட்டுக் கோளும் ஒரே திசையிற் சுற்றுகின்றன. சுழற்சிக்கோ அத்தகைய பொதுநீதி இல்லை. எல்லாவற்றினும் பெரிய வியாழன் 10 மணிக்கும் சிறிது குறைந்த காலத்திற் சுழன்றுவிடும். செவ்வாய்க்கு 24 மணி 37 நிமிடம் வேண்டும். யுரேனஸ் என்னுங் கோள் அங்கப் பிரதட்சிணஞ் செய்வான்போலப் பக்கவாட்டிற் கிடந்து உருளுகின்றது. வெள்ளியோ பிற கோள்களுக்கு மாறாக எதிர்த்திசையிற் சுழல்கின்றது. அங்ஙனம் ஒருமுறை சுழல 243 நாள் கொள்கின்றது. எதிர்த்துச் சுழலும் அவ்வெள்ளியும் சூரியனைச் சுற்றுவதில் ஏனையவற்றோடு ஒரே திசையிலேயே செல்கின்றது என்பதைக் கருதுக. உயிர்களின் சுழற்சி கன்மத்தாற் பலவாம். அவற்றைத் தன்பால் வளைத்துக்கொள்ளும் அருள்நீதி ஒன்றேயாம். மாறுபட்டுச் சுழல்வாரையும் அது வெளியே விடுவதில்லை.

இவ்வியக்கங்களை மக்கள் அறிந்துகொண்ட வழியும் இருவேறாகும். பூமி சுழல்வதை 1851 இல் பூக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் மூடிய இடத்திலேயே காட்டினார். முதலில் தம் இல்லத்து நிலவறையிலும், பின்னர்ப் பாரிசு நகரத்துப் பாந்தியோன் மண்டபத்தில் 67 மீட்டர் நீளமுள்ள கம்பியிலும் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆடச்செய்தார். ஆடுந் திசை மெல்ல மெல்லத் திரும்பியதனால், கீழுள்ள நிலம் சுழல்வது கண்கூடாயிற்று. சுற்றிவரலை இவ்வாறு நிலவறையுள் இருந்து காணுதல் அரிது. பூமியும் அதன்மேலுள்ளனவும் ஒருசேர ஈர்க்கப்படுதலின் அவ்வீர்ப்பு உள்ளிருப்பார்க்குத் தோன்றாது. புறத்தே நெடுந்தொலைவிலிருந்து வரும் விண்மீனொளியே அதனைக் காட்டவேண்டும். அவ்வொளிகொண்டே 1728 இல் பிராட்லியும், 1838 இல் பெஸ்ஸலும் பூமி இடம்பெயர்ந்து சூழ்வதை மெய்ப்பித்தனர். உயிர் தன் சுழற்சியைத் தன்னுள்ளே ஆராய்ந்து அறியவுங்கூடும். தான் ஒருவனாற் பற்றப்பட்டிருத்தலை அவனருளொளி வந்து காட்டினாலன்றி அறியாது. பசுஞானத்தின் எல்லையும் பதிஞானத்தின் இன்றியமையாமையும் இதனால் விளங்கும்.

இனி, இவ்வுரைக்கு உயிராயுள்ள ஒன்றனைக் கூறுவல். ஓராண்டில் நாம் காணும் பகல் 365 சொச்சம். அவ்வோராண்டில் பூமி சுழலும் முறை எத்தனை என விண்மீன்களை வைத்து எண்ணின், 366 சொச்சம். ஒன்று மிகுகின்றது. நம் பாரத நாட்டு வானநூலார் இதனைத் தெளிவுற அறிந்திருந்தனர். கி.பி. 499 இல் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயம், விண்மீன்கள் மேற்கே செல்வனபோலத் தோன்றுதல் பூமியின் சுழற்சியாலாயது என்று கூறி, ஒரு யுகத்திற் பூமியின் சுழற்சி 158,22,37,500 எனவும், சூரியனது சுற்று 43,20,000 எனவும் எண்ணித் தந்தது. முன்னதிற் பின்னதைக் கழிக்க வருவது 157,79,17,500. அதுவே அவ்யுகத்தின் நாட்டொகை. ஆண்டுக்கு ஒரு சுழற்சி நாளாகாமற் கழிகின்றது என்பதே இக்கணக்கின் பொருள்.

அவ்வொன்று எங்கே போயிற்று? திருச்சுற்றில் நடந்து பாருங்கள். கிழக்கு நோக்கிய சந்நிதியின் முன்னர்ப் புறப்படுவான் முதலில் தெற்கு நோக்கி நடப்பன். பின் மேற்கு, பின் வடக்கு, பின் கிழக்கு. மீண்டும் தொடங்கிய இடம் வருங்கால் தெற்கு நோக்கி நிற்பன். நாற்றிசையும் அவன் முகம் திரும்பிவிட்டது. அவன் ஒருமுறை தன்னைச் சுழன்றுவிட்டான். சுழலவேண்டும் என்று அவன் கருதவில்லை; வலத்தோள் மூலத்தானத்தை விட்டு அகலாமல் நடந்தான், அவ்வளவே. எனவே, வலம்வந்தானுக்குச் சுழற்சி ஒன்று தானே கைகூடும். நின்று சுழன்றானுக்கு வலம் கைகூடுவதில்லை. நூறுமுறை சுழலினும் நின்ற இடத்திலேயே நிற்பன். இதனால் ஆன்மப் பிரதட்சிணத்தை இகழ்ந்தேம் என்று கொள்ளற்க. உள்ளே எழுந்தருளியிருக்கும் பெருமானை வலம்வருகின்றேம் என்னும் பாவனை உண்டாயின் அதுவும் வலமே. அப்பாவனை இன்றேல் தலைசுற்றலே பயனாம்.

இஃது எனக்கே முதற்கண் உரைக்கப்பட்டது என்க. நாற்பதாண்டுக்கு மேலாகச் சாத்திரம் பதினான்கும் ஓதியும் ஓதுவித்தும் வந்தேன். ஒரு சூத்திரத்துக்குப் பிறர் கூறிய பொருளை மறுத்து இரவு முழுதும் விளக்கேற்றி எழுதிய நாள்கள் பல. அவற்றுள் எத்தனை நாள் சிவத்தைச் சூழ்ந்தேன், எத்தனை நாள் என் புலமையையே சூழ்ந்தேன் எனக் கணக்கிடின், விடை நாணுத் தருகின்றது. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஏடு ஒன்றே, விளக்கு ஒன்றே, நீறணிந்த நெற்றியும் ஒன்றே.

அணித்தாயிருத்தல் ஒன்றே போதாதோ எனின், போதாது. பூமி சூரியனுக்கு மிக அணித்தாய் வருவது நம் காலத்தில் ஜனவரி முதல் வாரத்தில், அஃதாவது மார்கழித் திங்களில். அப்பொழுது தொலைவு ஏறத்தாழ 14 கோடியே 71 இலட்சம் கிலோமீட்டர். மிகச் சேய்த்தாய்ப் போவது ஆனியில். அப்பொழுது ஏறத்தாழ 15 கோடியே 21 இலட்சம். ஆயினும் நாம் குளிரால் நடுங்குவது மார்கழி விடியலிலன்றோ! பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருத்தலின், அணித்தாய் நிற்கும் அக்காலத்தில் நாம் வாழும் வடபாதி சூரியனுக்குப் புறஞ்சாய்ந்து நிற்கின்றது. அணுகியிருந்தும் முகஞ்சாய்ந்தமையால் வெம்மை குறைந்தது.

புதன் இதனினும் நெருங்கிய எடுத்துக்காட்டாகும். அது சூரியனுக்கு எல்லாக் கோள்களினும் அணித்தாயது. ஆதலால் அது சூரியனுக்கு எப்பொழுதும் ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் என்று, 1889 இல் ஷியாபரெல்லி என்னும் இத்தாலிய அறிஞர் கூறியதுதொட்டு நெடுங்காலம் வானநூலார் நம்பினர். 1965 இல் ராடார் அலைகளை விடுத்து ஆராய்ந்தபோது அது பொய்யாயிற்று. புதன் ஏறத்தாழ 59 நாளைக்கு ஒருமுறை சுழல்கின்றது. இருமுறை சூரியனைச் சுற்றுவதற்குள் மும்முறை சுழன்று, முகத்தையும் புறத்தையும் மாறிமாறிக் காட்டுகின்றது. மடங்களிலும் கோயில்களிலும் வாழும் நம்மை உலகத்தார், "இவர் இறைவனுக்கு அணியர்; எப்பொழுதும் அவனையே நோக்கியிருப்பர்" என்று நம்புகின்றனர். ஆராய்ச்சி வருங்கால் நாம் என்னாவோம்?

அற்றேல், சுழற்சி என்றும் ஒழியாதோ, உய்தி யாது எனின், கூறுதும். சூரியன் பூமியைச் சுழற்றவில்லை என்றோம். ஆயின் அதன் சுழற்சியை ஈர்ப்புத் தணிக்கின்றது என்பதையும் அறிக. சந்திரனும், அதனிற் குறைந்த அளவிற் சூரியனும் ஈர்த்தலால், பூமியின் கடல்நீர் எழுகின்றது. திண்ணிய நிலமுஞ் சிறிது எழுகின்றது. பூமி விரைந்து சுழல்தலின் அவ்வெழுச்சி ஈர்த்த பொருளுக்கு நேரே நில்லாது முன்னே கொண்டுபோகப்படும். ஈர்ப்போ அதனைப் பின்னே இழுக்கும். இவ்விழுப்பால், ஒரு நாளின் அளவு நூறாண்டுக்கு ஒரு விநாடியின் ஆயிரத்தொரு கூற்றில் ஏறத்தாழ இரண்டு கூறு நீள்கின்றது. சிறிதேயாயினும் இது நில்லாத செயல். ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து கல்லாய்ப்போன பவளங்களின் நாள்வரைகளை 1963 இல் வெல்ஸ் என்பார் எண்ணியபோது, அக்காலத்தில் ஓராண்டுக்கு 400 நாள் அளவில் இருந்தமை புலப்பட்டது. ஆண்டு நீளவில்லை, சுழற்சியே தணிந்தது. இறைவனது திரோதான சத்தி மலத்தோடு உடனின்று, உயிரறியாமலே அதனைப் பக்குவப்படுத்துதலுக்கு இதனை ஒருபுடை ஒப்பாகக் கொள்ளலாம். ஒரு பிறவியில் அளந்தறியத்தக்கதன்று அப்பக்குவம். ஆயினும் ஒரு நாளேனும் அது நின்றதில்லை.

அதன் முடிபைச் சந்திரனிடத்துக் காண்க. ஈண்டுப் பூமியை ஈர்ப்பதாகவும் சந்திரனை ஈர்க்கப்படுவதாகவும் வைத்து நோக்குக. பூமியின் ஈர்ப்பு சந்திரனது சுழற்சியைத் தணித்துத் தணித்து, அது சுற்றிவருங் காலமும் சுழலுங் காலமும் ஒன்றாம்படி செய்துவிட்டது. இரண்டற்கும் 27⅓ நாளேயாகும். அதனால் சந்திரன் பூமிக்கு என்றும் ஒரே முகத்தைக் காட்டி நிற்கின்றது. 1959 இல் சோவியத்து நாட்டார் விடுத்த லூனா 3 என்னுங் கலம் படமெடுத்துக் காட்டும்வரை, அதன் புறத்தை மக்கள் கண்டதில்லை. சந்திரன் சுழலாதொழிந்ததோ? இல்லை, சுழல்கின்றது. தனக்கென ஒரு சுழற்சி அதற்கில்லை. திருச்சுற்றில் நடப்பானுக்கு வலத்திற் கைகூடும் அவ்வொரு சுழற்சியே அதற்கு எஞ்சியது.

முத்தியில் உயிர் கெட்டொழியும் என்பாரையும், உயிரே பதியாய்விடும் என்பாரையும் நம் சமயம் மறுக்கின்றது. உயிர் உண்டு, அதன் அறிவுண்டு, அதன் செயலும் உண்டு. தற்போதம் என்னும் தனிச்சுழற்சியே ஒழிவது. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம், உயிர் இறைவனோடு ஒன்றாகி அவன் பணியில் வழுவாது நிற்கவே மலமும் வினையும் நீங்கும் என்று உபதேசித்தது இந்நிலையையே. ஒன்றாதல் என்றது பொருளால் ஒன்றாதலன்று; செயல் வேறின்றி நிற்றல்.

ஆதலின் அன்பர்காள்! சுழற்சியை இன்றே நிறுத்திவிடல் நம்மாலாவதன்று. சூழ்தலை விடாதிருத்தல் நம்மாலாவது. இரவிற் படுக்கைக்குச் செல்லுமுன், அன்று ஓதிய ஓதல், செய்த பூசை, இட்ட அன்னம், எழுதிய எழுத்து ஒவ்வொன்றையும் எடுத்து, "இது யாரைச் சூழ்ந்தது?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுக. நம்மையே சூழ்ந்தது என்று விடை வரினும் மனந்தளரற்க. நாம் புறங்கொடுத்த அவ்விரவிலும் அவன் ஈர்ப்பு நம்மை விடாது பற்றியே நின்றது. விடியலில் அவன் இருந்த இடத்திலேயே இருப்பான். அன்று பள்ளிச் சிறுவன் வாயிலாக அவன் எனக்கு உணர்த்தியது இது. அச்சிறுவன் எங்கிருப்பினும் நலம்பெற்று வாழ்க.

திருச்சிற்றம்பலம்